குழாய்க்குள் தலையை விட்டுப் பாடிய கௌஹர் ஜான்: இந்தியாவின் முதல் ரெக்கார்டு ஸ்டாரின் கதை தெரியுமா?

இன்னைக்கு ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணணும்னா செல்போன் போதும். ஆனா 1902-ல் மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபையர் கிடையாது, ஏன், ரெக்கார்டிங்குக்கு மின்சாரமே தேவைப்படாத காலம் அது. சுவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய தகரக் குழாய். அதன் வாய்க்குள் முகத்தை வைத்து, அசையாமல், முடிந்தவரை உரக்கப் பாட வேண்டும். மூன்று நிமிடம்தான் நேரம். நடுவில் இருமினாலும் அந்தத் தட்டு வீண்.

மேதைகள் எனப் பெயர் வாங்கிய பல உஸ்தாத்கள் அந்தக் குழாய் பக்கமே போக மறுத்தார்கள். அப்போது கல்கத்தாவில் ஒரு பெண், நகைகள் மின்ன, பரிவாரத்தோடு வந்து, கேட்ட தொகையைப் பேசி வாங்கிக்கொண்டு, குழாயின் முன்னால் நின்று பாடினார். அவர்தான் கௌஹர் ஜான். இந்திய சாஸ்திரிய சங்கீதமும் இயந்திரமும் முதன்முதலாகக் கை குலுக்கிய கதை என்றால் அது பெரும்பாலும் இவருடைய கதைதான்.

யார் இந்த கௌஹர் ஜான்?

இயற்பெயரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஏஞ்சலினா யோவர்ட். 1873-ம் ஆண்டு ஜூன் 26-ம் தேதி, இன்றைய உத்தரப்பிரதேசத்தில் இருக்கும் ஆசம்கர் நகரில் பிறந்தார். அப்பா வில்லியம் ராபர்ட் யோவர்ட், ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அம்மா விக்டோரியா ஹெம்மிங்ஸ், இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், பாட்டிலும் கவிதையிலும் ஈடுபாடு உள்ளவர். 1872-ல் நடந்த அவர்களின் திருமணம் ஏழு வருடம்கூட முழுசா நிலைக்கவில்லை. 1879-ல் பிரிந்தார்கள்.

கையில் சின்னப் பெண் குழந்தை, வருமானம் இல்லை. விக்டோரியா மகளோடு காசிக்குப் போனார். அங்கே இருவரும் இஸ்லாத்துக்கு மாறினார்கள். அம்மா மல்கா ஜான் ஆனார், எட்டு வயது ஏஞ்சலினா கௌஹர் ஜான் ஆனாள். மல்கா ஜான் கதக் ஆடவும் பாடவும் தேர்ந்து, காசியில் பெயர் பெற்ற தவாயிஃப்களில் ஒருவரானார்.

தவாயிஃப் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. வட இந்திய சினிமாக்கள் அந்தச் சொல்லை ரொம்பவே கொச்சைப்படுத்திவிட்டன. உண்மையில் அவர்கள் பாட்டு, நடனம், கவிதை, உருது, பாரசீகம் என முறையாகப் படித்த பெண்கள். அரச சபைகளிலும் பெரிய மனிதர்கள் வீட்டு மஜ்லிஸ்களிலும் கலையை வைத்துச் சம்பாதித்தார்கள், சொத்து வாங்கினார்கள், வரி கட்டினார்கள். குடும்பத்தின் தலைமை பெண்ணிடமே இருந்தது. நம்ம பக்கத்தில் தேவதாசி மரபில் வந்த இசைக் கலைஞர்களுக்கு என்ன இடம் இருந்ததோ, கிட்டத்தட்ட அதே இடம். கலைக்கு மரியாதை உண்டு. கலைஞரை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

1883-ல் அம்மாவும் மகளும் கல்கத்தா வந்தார்கள். அவத் ராஜ்ஜியத்தை ஆங்கிலேயர்களிடம் இழந்து, கல்கத்தாவை ஒட்டிய மட்டியாபுர்ஜில் ஒரு குட்டி லக்னோவையே உருவாக்கி வாழ்ந்துகொண்டிருந்த நவாப் வாஜித் அலி ஷாவின் சபையில் மல்கா ஜானுக்கு இடம் கிடைத்தது. மூன்றே வருடத்தில் சித்பூர் சாலையில் 40,000 ரூபாய்க்கு ஒரு கட்டடத்தை வாங்கினார். அந்தக் காலத்து 40,000 ரூபாய்.

அந்த வீட்டில்தான் கௌஹர் ஜானின் பயிற்சி. பாட்டியாலா காலே கான், ராம்பூர் வசீர் கான் போன்றவர்களிடம் பாட்டு. கதக் நடனத்துக்கு பிந்தாதீன் மகராஜ். பின்னாளில் நாம் எல்லோரும் அறிந்த பிர்ஜு மகராஜ் வந்த அதே லக்னோ கதக் பரம்பரைக்காரர் அவர். வங்காளக் கீர்த்தனைகளைத் தனியாகக் கற்றுக்கொண்டார். உருதுவில் ஹம்தம் என்ற புனைபெயரில் கவிதையும் எழுதினார். 14 வயதில் தர்பங்கா மகாராஜா சபையில் அரங்கேற்றம். அதன் பிறகு கல்கத்தா முழுவதும் இவர் பெயர்தான்.

கல்கத்தாவுக்கு வந்த இயந்திரம்

எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அதில் ஒலி பதிவானது உருளையில். பத்து வருடம் கழித்து எமில் பெர்லினர் தட்டையான வட்டத் தட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனைக் கொண்டுவந்தார். உருளையைவிடத் தட்டில் ஒரு பெரிய வசதி: ஒரே அச்சை வைத்து ஆயிரக்கணக்கில் பிரதி அடிக்கலாம். அதாவது பாட்டு என்பது முதன்முறையாகக் கடையில் வாங்கும் சரக்கு ஆனது.

பெர்லினரிடம் தொழில் கற்றவர் அமெரிக்கரான ஃப்ரெட் கெய்ஸ்பர்க். 1902 ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகரில் என்ரிகோ கரூஸோ என்ற இளம் ஓபரா பாடகரைப் பதிவு செய்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் இவர்தான். அதே வருடம் லண்டன் கிராமபோன் கம்பெனி அவரைக் கிழக்கே அனுப்பியது. நோக்கம் கலைச் சேவை இல்லை. இந்தியா, சீனா, ஜப்பான் எல்லாம் பெரிய சந்தை. அந்தந்த ஊர்ப் பாட்டு இருந்தால்தான் அந்தந்த ஊர்க்காரர்கள் கிராமபோன் பெட்டி வாங்குவார்கள். சிம்பிள் பிசினஸ் கணக்கு.

1902 அக்டோபர் கடைசியில் கல்கத்தாவில் இறங்கிய கெய்ஸ்பர்க்குக்கு முதல் தலைவலி, யாரைப் பாட வைப்பது என்பது. அங்கே வசித்த ஐரோப்பியர்களுக்கு இந்திய இசை பற்றி எதுவுமே தெரியவில்லை, அவர்கள் வேறு கிரகத்தில் வாழ்வது போல இருந்தார்கள் என்ற அர்த்தத்தில் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நாடகக் கொட்டகைகள், பணக்கார பாபுக்களின் வீட்டு விருந்துகள் என அலைந்துதான் பாடகர்களைத் தேட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு திருத்தம். இந்தியாவில் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடியவர் கௌஹர் ஜான் என்றுதான் பல இடங்களில் எழுதுகிறார்கள். கறாராகப் பார்த்தால் அது சரியில்லை. அவருக்குச் சில நாட்கள் முன்பு, நவம்பர் 8-ம் தேதி, கல்கத்தா நாடக மேடையைச் சேர்ந்த சசி முகி, ஃபனி பாலா என்ற இரண்டு இளம்பெண்கள் பாடினார்கள். அதற்கும் முன்னால், 1899-லேயே லண்டனில் சில இந்திய மொழிப் பதிவுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஊரறிந்த ஒரு சாஸ்திரிய சங்கீதக் கலைஞர், தன் முழுப் பெயரையும் புகழையும் பணயம் வைத்துப் பாடியது என்றால் அது கௌஹர் ஜான்தான். முதல் ஸ்டார் என்று சொன்னால் தப்பில்லை.

சுவாரஸ்யமான ஒரு பொருத்தம் என்னன்னா, கெய்ஸ்பர்க்கும் 1873-ல் பிறந்தவர். ரெக்கார்டிங்குக்காக இருவரும் சந்தித்தபோது ரெண்டு பேருக்குமே 29 வயது.

எப்படி ரெக்கார்ட் பண்ணாங்க?

ஹோட்டலின் பெரிய அறைகளே தற்காலிக ஸ்டுடியோ. ஒரு பக்கம் பாடகர், மறுபக்கம் இயந்திரம். நடுவில் குழாய். பாடும்போது எழும் காற்றின் அதிர்வு குழாய் வழியே போய், அதன் குறுகிய முனையில் இருக்கும் மெல்லிய சவ்வை அசைக்கும். சவ்வோடு இணைந்த ஊசி, கீழே சுற்றிக்கொண்டிருக்கும் மெழுகுத் தட்டில் அந்த அசைவை நெளிநெளியாகக் கீறும். அவ்வளவுதான். ஒலியைப் பெருக்கிக் கொடுக்க எந்தக் கருவியும் இல்லை. பாடகரின் மூச்சு பலம்தான் ஊசியை நகர்த்த வேண்டும்.

இதனால் என்ன ஆகும்? மெல்லிய குரல் பதியாது. ரகசியம் பேசுவது போன்ற நுணுக்கமான பிடிகள் பதியாது. தம்பூராவின் ரீங்காரம் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சாரங்கி, தபலா வாசிப்பவர்களைக் குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார வைப்பது என்பதே ஒரு கலை. மேல் ஸ்தாயியில் உரக்கப் பாடினால் ஊசி துள்ளிவிடும், அப்போது முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு, தலையை ஆட்டி, கையை வீசிப் பாடியே பழகியவர்களுக்கு இது தண்டனை மாதிரி.

பிறகு அந்த மெழுகுத் தட்டைப் பத்திரமாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். ஹானோவர் நகரத் தொழிற்சாலையில்தான் அச்சு எடுத்து இசைத்தட்டு தயாரானது. மறுபடி கப்பலேறி இந்தியா வந்து விற்பனைக்குப் போக மாதக்கணக்கில் ஆகும். இதில் இன்னொரு வேடிக்கை. அந்தத் தட்டுகள் செய்ய முக்கிய மூலப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் அந்தப் பிசினை உலகத்துக்கே அனுப்பியது பெரும்பாலும் இந்தியாதான். அரக்கும் நம்ம ஊர், பாட்டும் நம்ம ஊர். தட்டு மட்டும் ஜெர்மனியில் இருந்து வரணும். கல்கத்தா சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை திறந்தது 1908-ல்தான்.

கடைசியில் ஏன் பெயர் சொன்னார்?

கௌஹர் ஜானின் பழைய பதிவுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பாட்டு முடியும் இடத்தில், ராகத்தின் சூடு ஆறுவதற்குள், கீச்சென்ற உற்சாகக் குரலில் ஆங்கிலத்தில் தன் பெயரை அறிவிப்பார். இன்றைய காதுக்கு அது ஏதோ சிக்னேச்சர் ஸ்டைல் மாதிரி, கெத்து காட்டுவது மாதிரி இருக்கும்.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஹானோவரில் தட்டு அச்சடிக்கும் ஜெர்மன் தொழிலாளிக்கு இந்துஸ்தானி, வங்காளம் எதுவும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது, எந்தப் பெயரை லேபிளில் போடுவது என்று குழம்பக் கூடாது. அதனால் பாடியவரே பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமானது. மற்ற பாடகர்களும் சொன்னார்கள். ஆனால் அந்த ஒப்புக்குச் சொல்லும் அறிவிப்பையே தன் முத்திரையாக மாற்றியவர் இவர். தொழிற்சாலைக்காரருக்கான குறிப்பு, கேட்பவருக்கான கையெழுத்தாக ஆகிவிட்டது.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகம்

பிரச்னையின் மையம் இங்கேதான். ஒரு கயால் என்பது சாவகாசமாக விரியும் விஷயம். ஒரு ஸ்வரத்தின் மேல் நின்று, சுற்றி, இறங்கி, மெதுவாக ராகத்தைத் திறந்து காட்ட ஒரு மணி நேரம்கூட ஆகும். நமக்குப் புரியும்படி சொன்னால், ராகம் தானம் பல்லவியை ஒரு ரீல்ஸ் வீடியோவில் பாடி முடிக்கச் சொல்வது போல.

உஸ்தாத்கள் மறுத்ததை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. குரலை இயந்திரம் உறிஞ்சிவிடும், தொண்டை கெட்டுவிடும் என்று பயந்தவர்கள் இருந்தது உண்மை. ஆனால் அதைத் தாண்டிய நியாயமான பயங்களும் இருந்தன. கரானா என்ற பரம்பரையின் சொத்தே அதன் ரகசியப் பிரயோகங்கள்தான். வருடக்கணக்கில் குருவுக்குச் சேவை செய்தால்தான் கிடைக்கும் அதை, கடையில் தட்டு வாங்கும் எவனும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் காப்பி அடிக்கலாம் என்றால்? ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவின் அல்லாதியா கான் 1946 வரை வாழ்ந்தார். ஒரு தட்டு கூட விட்டுப்போகவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதை அவருடைய சிஷ்யர்களின் பாட்டை வைத்துத்தான் இன்று ஊகிக்கிறோம்.

தவாயிஃப்களுக்கு இந்தத் தயக்கம் குறைவாக இருந்ததற்குத் துணிச்சல் மட்டும் காரணம் இல்லை. அவர்கள் ஏற்கெனவே சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள். யாரிடம் எவ்வளவு கேட்பது, எப்போது பாடுவது என முடிவெடுக்கத் தெரிந்தவர்கள். இன்னொன்று, தும்ரி, தாத்ரா, கஜ்ரி, ஹோரி போன்ற சின்ன வடிவங்கள் அவர்களுக்குக் கைவந்த கலை. மஜ்லிஸில் யாராவது ஒரு பாட்டு கேட்டால் அதை அழகாகப் பாடி முடித்து அடுத்ததுக்குப் போவது அவர்கள் தினமும் செய்த வேலை. குழாய்க்காரன் மூன்று நிமிடம் என்று சொன்னபோது, உஸ்தாதுக்கு அது அவமானமாகப் பட்டது; கௌஹர் ஜானுக்கு அது ஒரு கணக்காகப் பட்டது.

அவர் அந்தக் கணக்கைப் போட்ட விதம் அழகு. நீண்ட ஆலாபனை கிடையாது. நேராகப் பல்லவி வரிக்கு வந்துவிடுவார். ராகத்தின் முகம் தெரியும்படி ரெண்டு மூன்று பிடிகள். நடுவில் வேகமான தான்கள், காரணம் குழாய்க்கு அவை தெளிவாகப் பதியும். கேட்பவர் மூச்சுவிடும் முன்பே முடிவு, பெயர். இந்த அமைப்பைப் பின்னால் வந்த பலரும் பின்பற்றினார்கள். இன்றைக்கும் கச்சேரியின் கடைசிப் பகுதியில் வரும் குட்டிக் குட்டி உருப்படிகளைக் கேட்டால் அந்த அளவு மனதில் பதிந்திருப்பது தெரியும்.

இழப்பும் இல்லாமல் இல்லை. தும்ரி என்பது காதுக்கு மட்டுமானது அல்ல. ஒரே வரியைப் பத்து விதமாகப் பாடி, ஒவ்வொரு தடவையும் கண்ணாலும் கையாலும் வேறு அர்த்தம் காட்டுவது அதன் உயிர். தட்டு அந்த அபிநயத்தை வெட்டி எறிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து ஆஹா சொல்லும் ரசிகனும் போய்விட்டான். பின்னாளில் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு தவாயிஃப்களின் கலையை எடை போட்டவர்கள் பாதியைத்தான் எடை போட்டார்கள்.

ஒரு அமர்வுக்கு 3,000 ரூபாய்

கௌஹர் ஜான் ஒரு ரெக்கார்டிங் அமர்வுக்கு 3,000 ரூபாய் வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. அம்மா வாங்கிய அந்த 40,000 ரூபாய் கட்டடத்தை நினைத்துப் பாருங்க. 13, 14 அமர்வு பாடினால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிடலாம். 1902-ல் இருந்து 1920 வரை சுமார் 600 பாடல்களைப் பதிவு செய்தார். இந்துஸ்தானி, வங்காளம், குஜராத்தி, மராத்தி, பாரசீகம், அரபி, பஷ்தோ, பிரெஞ்சு, ஆங்கிலம் எனப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது.

அவருடைய படம் ஆஸ்திரியாவில் தயாரான தீப்பெட்டிகளில் அச்சாகி இந்தியக் கடைகளுக்கு வந்தது. போஸ்ட்கார்டுகளிலும் அவர் முகம். ஒரு இந்தியப் பாடகியின் குரலும் முகமும் அவரே நேரில் போகாத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது இதுதான் முதல்முறை.

அவரைப் பற்றிய கதைகளுக்கும் குறைவில்லை. பூனை குட்டி போட்டதற்கு 20,000 ரூபாய் செலவில் விருந்து வைத்தார், ததியா ராஜா கச்சேரிக்கு அழைத்தபோது தனி ரயிலே கேட்டு வாங்கினார், வைஸ்ராய்க்கு மட்டும் உரிய குதிரை வண்டி ஊர்வலத்தைத் தானும் நடத்தி அபராதம் கட்டிக்கொண்டே போனார். எது நிஜம், எது ஊதிப் பெருக்கியது என்று பிரிப்பது கஷ்டம். காந்தி பற்றிய கதை ஒன்றும் உண்டு. சுயராஜ்ய நிதிக்காகக் கச்சேரி செய்து தரச் சொல்லி காந்தி கேட்டதாகவும், அவர் நேரில் வந்து கேட்டால் பாடுவதாக இவர் நிபந்தனை போட்டதாகவும், காந்தியால் வர முடியாததால் வசூலான 24,000 ரூபாயில் பாதியை மட்டும் அனுப்பியதாகவும் சொல்வார்கள். பாதி வாக்குக்குப் பாதிப் பணம்.

உறுதியாகத் தெரிந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 1910-ல் சென்னை வந்து, சென்ட்ரல் பக்கத்தில் இன்றும் சிவப்பாக நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடினார். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முன்னிலையில் அலகாபாத் ஜானகி பாயோடு சேர்ந்து வாழ்த்துப் பாடல் பாடினார்.

வீட்டுக்குள் நுழைந்த குரல்

கௌஹர் ஜான் புகழின் உச்சியில் இருந்த அதே காலத்தில்தான், நாட்டியப் பெண்களை விருந்துக்கு அழைக்கக் கூடாது என்ற இயக்கம் சென்னையில் தொடங்கி நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. மேடைகள் ஒவ்வொன்றாக மூடின. ராஜாக்களின் கையிலும் காசு குறைந்தது.

கிராமபோன் வேறொரு கதவைத் திறந்தது. ஒரு தவாயிஃபைத் தன் வீட்டு வாசலில் நிற்க வைக்கத் தயங்கும் கனவான், அவருடைய தட்டை வாங்கி வரவேற்பறையில் வைத்துக்கொண்டார். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. மஜ்லிஸுக்குப் போகவே முடியாத வீட்டுப் பெண்கள், திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள், முதன்முறையாகப் பெரிய சங்கீதத்தைக் கேட்டார்கள். பாடியவருக்கு இல்லாத அனுமதி அவர் குரலுக்குக் கிடைத்தது. இதை முன்னேற்றம் என்பதா, இன்னொரு வகை ஒதுக்கல் என்பதா? ரெண்டும்தான்.

தெற்கிலும் இதே கதைதான். இங்கே தட்டுகளுக்கு முதலில் பாடியவர்களில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசி மரபுப் பெண்களே முக்கியமானவர்கள். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், அதை அடிப்படையாக வைத்து ராகமாலிகா என்ற படைப்பையே எழுதினார். 1926-ல் பத்து வயதில் முதல் தட்டுக்குப் பாடிய மதுரைச் சிறுமி எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குப் பாதை போட்டவர்கள் இந்தப் பெண்கள்தான்.

சரிவு எங்கே ஆரம்பித்தது?

1906-ல் அம்மா இறந்ததும். வீட்டில் வளர்ந்த வேலைக்காரப் பெண்ணின் மகன், தானே மல்கா ஜானின் வாரிசு என்று நீதிமன்றம் போனார். நாடு முழுக்க பெயர் தெரிந்த ஒரு பெண், தன் அப்பா யார், தான் எப்படிப் பிறந்தவள் என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய நிலை. வழக்கில் ஜெயித்தார். ஆனால் செலவும் அலைச்சலும் கொஞ்சமல்ல.

அடுத்த வருடமே, பம்பாயில் அவருக்கு நெருக்கமாக இருந்த நாடக நடிகர் அம்ருத் கேசவ் நாயக் திடீரென இறந்தார். பிறகு தன் செயலாளராக இருந்த, வயதில் இளையவரான அப்பாஸை மணந்தார். அந்த உறவும் முறிந்து சொத்துத் தகராறில் முடிந்தது. சம்பாதித்த பணத்தின் பெரும் பகுதி வக்கீல்களுக்குப் போனது.

அன்றைய இசைத்தட்டுத் தொழிலில் இன்னொரு உண்மையும் உண்டு. பாடகருக்கு ஒரு தொகை, அதோடு கணக்கு முடிந்தது. தட்டு பத்தாயிரம் விற்றாலும் அந்த லாபம் கம்பெனிக்கு. இன்று நாம் ராயல்டி என்று சொல்லும் தொடர் வருமானம் இருந்திருந்தால் அவருடைய கடைசி வருடங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

1925-ல் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்யும் தொழில்நுட்பம் வந்தது. இனி குழாயில் கத்த வேண்டாம். மெல்லிய குரலும் பதியும், தம்பூராவும் கேட்கும். குழாய்க் காலத்தின் ராணிக்கு அப்போது 50 வயது தாண்டிவிட்டது.

மைசூரில் கடைசி நாட்கள்

தர்பங்கா, பம்பாய் என இடம் மாறி மாறி வாழ்ந்த கௌஹர் ஜானை மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அழைத்தார். சங்கீதத்தில் அவருக்கு வடக்கு, தெற்கு, மேற்கு என்ற பேதமே கிடையாது. அதே காலத்தில்தான் நம்ம ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் மைசூர் ஆஸ்தானத்தில் இருந்தார்.

1928 ஆகஸ்ட் 1-ம் தேதி அரண்மனைப் பாடகியாக நியமனம். மாதச் சம்பளம் 500 ரூபாய். தங்குவதற்கு தில்குஷ் என்ற பங்களா. ஒரு காலத்தில் ஒரு நாள் பாடியதற்கு வாங்கிய தொகையைச் சேர்க்க இப்போது ஆறு மாதம் ஆகும். உடல்நலமும் மனநலமும் ஒத்துழைக்கவில்லை. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. 1930 ஜனவரி 17-ம் தேதி மைசூர் கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனையில் இறந்தார். வயது 56.

மைசூர் அரண்மனை ஆவணங்களுக்குள் இருந்த அவரது கோப்பை, உடையார்கள் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த வரலாற்று எழுத்தாளர் விக்ரம் சம்பத் பார்த்ததும், 2010-ல் முழு வாழ்க்கை வரலாற்றை எழுதியதும்தான் இந்தத் தலைமுறை அவரைத் திரும்பத் தெரிந்துகொள்ளக் காரணம். 2018 ஜூன் 26-ம் தேதி, அவருடைய 145-வது பிறந்தநாளில் கூகுள் டூடுல் வெளியானது.

அவருடைய தட்டுகள் பல, தனியார் சேகரிப்பாளர்களின் உழைப்பால் டிஜிட்டல் ஆகி இணையத்தில் கிடைக்கின்றன. கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்க. ஒரே பாட்டு ஒரு பதிவில் கீச்சுக் குரலாகவும் இன்னொன்றில் கனமாகவும் கேட்கலாம். 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தக் காலத்து மெழுகுத் தட்டு இயந்திரங்கள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 தடவை சுற்றவில்லை. ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் வேகம் மாறியது. டிஜிட்டல் ஆக்குபவர் எந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறாரோ, சுருதி அதற்கேற்ப ஏறும் அல்லது இறங்கும். ரெண்டு மூன்று பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டு, இயல்பான மனிதக் குரலாகத் தோன்றுவதை வைத்துக்கொள்வதுதான் வழி. ஹெட்போன் போட்டுக் கேளுங்க. கரகரப்புக்கு அடியில் தபலாவும் லேசாகக் கேட்கும்.